ஸ்பானிஷ்: 90:10-ஆ, 50:50-ஆ, வாரம் மூன்று பீரியடா?

அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் 'ஸ்பானிஷ் உண்டு' என்றால், பள்ளி நேரத்தில் 90 சதவீதம் ஸ்பானிஷும் 10 சதவீதம் ஆங்கிலமுமா (90:10), இரண்டும் சரிபாதியா (50:50), வாரம் மூன்று பீரியட் மட்டுமா என்று முதலில் கேட்க வேண்டும். நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 180 நாள் என்று வைத்தால் முதலாவதில் கிண்டர்கார்ட்டன் பிள்ளைக்கு ஸ்பானிஷ் 972 மணி நேரம், இரண்டாவதில் 540. அரை மணி பீரியடாக வாரம் மூன்று வைத்தால், 36 வாரத்துக்கு வெறும் 54.

90:10-இல் கிண்டர்கார்ட்டனில் கணக்கு முதல் கதை வரை ஸ்பானிஷ்தான். ஆண்டுதோறும் ஆங்கிலம் கூடி, நான்காம் ஐந்தாம் வகுப்பில் சரிபாதியாகும். கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் 1971-இலேயே பாடங்களையே ஸ்பானிஷில் நடத்திப் பிள்ளையை அதில் மூழ்கடிக்கும் வகுப்பு தொடங்கிவிட்டது. பிள்ளை முதலில் வாசிக்கப் பழகுவதும் ஸ்பானிஷில்தான், அதுவே இதன் பலம். உயிரொலி ஐந்தே, நம் உயிர்மெய் வரிசைபோல மா, மே, மீ, மோ, மூ என்று அசை கூட்டினால் சொல் வந்துவிடும். எழுதும்போதுதான் சறுக்கல்: வணக்கம் சொல்லும் 'ஓலா'வின் (hola) ஊமை 'எச்' விடுபடும், ஒலி ஒன்றே என்பதால் 'பி'யும் 'வி'யும் இடம் மாறும்.

சிக்கல் மூன்றாம் வகுப்பில் வரும். மாநிலத் தேர்வு ஆங்கிலத்தில். மதிப்பெண்ணைப் பார்த்துப் பதறும் பெற்றோர் பிள்ளையை மாற்றிவிடுவார்கள். ஸ்பானிஷ் தெரியாத புதுப் பிள்ளையை அந்த இடத்தில் சேர்க்க முடியாது. சேர்க்குமுன் ஐந்தாம் வகுப்பில் இப்போது எத்தனை பேர் என்று கேளுங்கள்.

50:50-க்கு யூட்டா மாநிலம் நல்ல உதாரணம். 2008-இல் சட்டமே போட்டார்கள். இரண்டு ஆசிரியர், இரண்டு அறை. நண்பகலில் பிள்ளைகள் இடம் மாறுவார்கள். ஒரே ஸ்பானிஷ் ஆசிரியர் இரண்டு பிரிவைப் பார்ப்பதால், ஆள் கிடைக்காத ஊருக்கு இதுதான் தோது. ஆனால் விழா, ஒத்திகை எல்லாம் பிற்பகலில் வந்தால் ஒரே பிரிவின் ஸ்பானிஷ் தொடர்ந்து அடிபடும்; பருவத்துக்கு ஒருமுறை காலை மாலையை மாற்ற வேண்டும். ஸ்பானிஷில் சொன்னதை ஆசிரியர் உடனே ஆங்கிலத்திலும் சொன்னால் காரியம் கெட்டது. பின்னால் ஆங்கிலம் வரும் என்று தெரிந்த பிள்ளை காதைக் கொடுக்காது. படம், சைகை, செய்து காட்டல் போதும்.

வாரம் மூன்று பீரியடில் சரளப் பேச்சை எதிர்பார்ப்பது வீண். இருக்கிற நேரத்தையும் வருடாவருடம் நிறம், எண் என்றே கரைப்பார்கள். அதற்குப் பதில் 'எழு, உட்கார், குதி' என்ற கட்டளைகளில் தொடங்கி, 'எனக்கு வேண்டும்', 'எங்கே இருக்கிறது' போன்ற வாக்கியங்களுக்குப் போகலாம். பெயர்ச்சொல்லை அதன் முன்னால் வந்து பாலைக் காட்டும் 'எல்' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) என்ற சொல்லோடுதான் சொல்லித்தர வேண்டும்: 'மானோ' (கை) அல்ல, 'லா மானோ', 'தியா' (நாள்) அல்ல, 'எல் தியா'. 'ஓ'வில் முடிந்தால் ஆண்பால், 'ஆ'வில் முடிந்தால் பெண்பால் என்று ஈற்றைப் பார்த்துப் பால் சொல்லும் விதி இந்த இரண்டிலுமே பொய்க்கும். பிஞ்சு வயதில் சேர்த்தே கேட்ட பிள்ளைக்கு விதியே தேவைப்படாது.