ராஸ்–ரேச்சலா, மோனிகா–சாண்ட்லரா?

1994 முதல் 2004 வரை ஒளிபரப்பான 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் இன்றும் இரு அணிகளாகப் பிரிந்து வாதிடுவது இவ்விரு இணைகளைப் பற்றித்தான். ராஸ்–ரேச்சல் காதலில் ஏக்கமும் பிரிவும் மிகுதி. ஆனால் காபிக் கடையில் பரிமாறுபவளாகத் தொடங்கி ஃபேஷன் துறையில் உயர்ந்த ரேச்சல், இறுதியில் பாரிஸ் வேலையைக் கைவிட்டு ராஸிடம் திரும்பிவருவது, அவள் பத்தாண்டுகளாகப் பாடுபட்டுச் சேர்த்ததைச் சுருக்கிவிடுகிறது என்றே கருதுகிறேன்.

மோனிகா–சாண்ட்லர் உறவு 1998இல், லண்டனில் எதிர்பாராமல் தொடங்கியது. பெற்றோரின் மணமுறிவைச் சிறுவயதிலேயே கண்டு, திருமணம் என்றாலே அஞ்சி ஒதுங்கிய சாண்ட்லர், மெழுகுவத்திகள் சூழ்ந்த அறையில் முழந்தாளிட்ட மோனிகா அழுகை மேலிட்டுப் பேச முடியாமல் தவிக்கும்போது, தானும் முழந்தாளிட்டு, அவள் கேட்க வந்ததைத் தானே கேட்கிறான். கிண்டலையே கேடயமாகப் பிடித்திருந்தவன் அதைக் கீழே வைக்கும் அந்தக் காட்சிக்காகவே என் வாக்கு இவர்களுக்கு.