டாஸ், ஜெட், பக்: சிறுவர் அணிக்கு எந்த ஸ்வீப்?

அமெரிக்கக் கால்பந்துக் களத்தின் அகலம் 160 அடி. நடுவில் பெரிய பையன்கள் அடைத்து நிற்கும்போது, பந்தை ஓரமாகக் கொண்டுபோகலாமே என்று எந்தப் பயிற்சியாளருக்கும் தோன்றும். ஸ்வீப் என்பது அந்த ஓர ஓட்டம்தான்; 8, 9 வயதுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

டாஸ் ஸ்வீப்பை ஒரே மாலையில் கற்றுக்கொடுத்துவிடலாம். பந்தை முதலில் வாங்கும் குவார்ட்டர்பேக் திரும்பிப் பந்தைப் பின்பக்கமாக எறிவான். அணியிலேயே வேகமானவன் அதைப் பிடித்து ஓரக்கோட்டைப் பார்த்து ஓடுவான். சீசன் தொடக்கத்தில் டச்டவுன்கள் தாராளமாக வரும். எதிரணித் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்ட் உள்ளே பாயாமல் வெளிப்பக்கத்தைக் காக்கப் பழகிவிட்டால் அதோடு சரி. பிடி தவறினால் ஃபம்பிள் வேறு, அதாவது கீழே விழுந்த பந்தை எதிரணியும் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒருவனைத் தவிர மற்றவர்கள் இதில் கற்பது மிகக் குறைவு, என் பெரிய வருத்தமே அதுதான்.

ஜெட் ஸ்வீப்பில் ஓடுபவன் ஸ்னாப்புக்கு (நடுவில் நிற்பவன் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) முன்பே பக்கவாட்டில் வேகமெடுத்துவிடுவான். குவார்ட்டர்பேக் சற்றுப் பின்னால் தள்ளி நிற்கும் ஷாட்கன்னிலிருந்து பந்தை முன்பக்கமாகத் தட்டிக்கொடுத்தால் அது பாஸ் கணக்கு. தவறவிட்டாலும் ஃபம்பிள் ஆகாது. ஆனால் எல்லாம் நேரக்கணக்கில் நிற்கிறது. ஸ்னாப் கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ பந்து கை மாறாது. ஸ்னாப் ஆகும் கணத்தில் அவன் பந்து இருக்கும் கோட்டுப் பக்கமாக முன்னேறினால் பெனால்ட்டி.

என் ஓட்டு பக் ஸ்வீப்புக்கு. 1950-களில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் டேவிட் நெல்சன் வளர்த்த விங்-டி என்ற தாக்குதல் முறையின் முதுகெலும்பு இது. பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் கிரீன் பே அணியில் ஜெர்ரி கிரேமரும் ஃபஸி தர்ஸ்டனும் முன்னால் ஓடிய ஸ்வீப்பும் இதே குடும்பம்தான். வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்டும் அவனுக்கு வெளியே சற்றுப் பின்னால் நிற்கும் விங்பேக்கும் வெளியிலிருந்து உள்நோக்கிச் சாய்வாகத் தடுப்பார்கள். பக்கவாட்டிலிருந்து இடிப்பதால் ஒல்லியான பிள்ளைகூடத் தன்னைவிடக் கனமானவனை நகர்த்திவிடும். ஸ்னாப் கொடுப்பவனுக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு கார்டுகளும் வரிசையிலிருந்து விலகி ஓடுவார்கள்: முதலாமவன் வெளியே நிற்கும் எதிரணியின் கார்னரைத் தள்ளுவான், அடுத்தவன் அதற்கு உள்ளே திரும்பி முன்னேறுவான். அவர்கள் விட்டுப்போன இடைவெளியில், குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் நிற்கும் ஃபுல்பேக், பந்து வாங்குவதுபோல் நடித்தபடி பாய்ந்து தடுப்பான். பந்தைத் தொடவே வாய்ப்பில்லாத கார்டுகளுக்கு இதில் கிடைக்கும் உற்சாகத்தைப் பார்க்க வேண்டும்!

கற்றுக்கொடுக்க நாள் பிடிக்கும், உண்மை. முதலில் பந்தே வேண்டாம். கூம்புகளை வைத்து கார்டுகளின் முதல் அடியை மட்டும் பழக்குங்கள்: போகும் பக்கத்துக் காலைத் திறந்து வைத்து, முழங்கையைப் பின்னால் இழுக்க வேண்டும். அப்புறம் ஓடுபவனிடம் பொறுமை. கார்டுகளை முந்திக்கொண்டு ஓரத்துக்கு வளைந்து ஓடத்தான் எல்லாப் பிள்ளைக்கும் தோன்றும். இரண்டாவது கார்டின் முதுகைப் பார்த்தபடி போய், அவன் திரும்பும் இடத்தில் தானும் திரும்ப வேண்டும்.

1998-இல் டென்வர் அணியின் டெரல் டேவிஸ் 2,008 யார்டு ஓடியதில் பெரும்பங்கு வகித்த அவுட்சைட் ஸோனை (வரிசை முழுவதும் ஒரே பக்கமாக நகர்ந்து தடுக்கும் ஓட்டம்) உயர்நிலைப் பள்ளிக்கு விட்டுவிடலாம். ஜெட்டை பக் ஸ்வீப் படிந்த பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். கார்டுகள் நகர்வதையே பார்த்துப் பழகிய எதிரணி அப்போதுதான் தடுமாறும்.