திருமலை நாயக்கர் மகாலா, காந்தி அருங்காட்சியகமா?

மதுரையில் அரைநாள்தான் இருக்கிறது என்றால் நான் காந்தி அருங்காட்சியகத்துக்கே போகச் சொல்வேன். மகால் குறைந்ததல்ல. 1636-இல் எழுந்தது, அரசவை மண்டபமான சொர்க்க விலாசத்தின் குவிமாடத்தையும் சுதை வேலைப்பாட்டையும் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிப்பதுகூடத் தெரியாது. ஆனால் இன்று நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். தூண்களில் பெயர் கிறுக்கியிருப்பதைக் கண்டால் வயிறு எரிகிறது.

அருங்காட்சியகமும் அரண்மனைதான், ராணி மங்கம்மாளின் தமுக்கம் மாளிகை. 1959-இல் நேரு திறந்துவைத்தார். சுட்டுக் கொல்லப்பட்ட அன்று காந்தி அணிந்திருந்த, இரத்தக்கறை படிந்த துணி இங்கே இருக்கிறது. 1921-இல் அவர் அரையாடைக்கு மாறியதும் இதே மதுரையில்தான். அந்தத் துணி இருக்கும் கண்ணாடிப் பேழையின் முன் பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள். நுழைவுக் கட்டணமும் இல்லை.

மகாலுக்கு மாலையில் போங்கள், ஒலி-ஒளிக் காட்சி உண்டு.