கில்ட்டுக்கு மேல் பழைய கோட்டு: எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது

சாதாரண சூட் கோட்டை அப்படியே கில்ட் என்ற ஸ்காட்லாந்து ஆண்களின் மடிப்புப் பாவாடைக்கு மேல் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பாருங்கள். கோட்டு போட்ட ஞாபகத்தில் பேன்ட்டை மறந்து கிளம்பிவிட்டவர் மாதிரி இருக்கும். பேன்ட் இடுப்பெலும்பில் நிற்கிறது. கில்ட்டோ தொப்புளுக்கும் மேலே, நம் பெரியவர்கள் வேட்டி கட்டும் உயரத்தில் நிற்கிறது. முன்பக்கம் ஸ்போரன் என்ற தோல்பை மறையாமல் தெரிய வேண்டும். பின்பக்கம் எட்டு கஜத் துணியின் மடிப்புகள் புடைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் கில்ட் கோட்டை மூன்று நான்கு அங்குலம் குட்டையாக, முன்பக்கம் வளைத்து ஒதுக்கித் தைக்கிறார்கள்.

புதுக் கோட்டு விலை கையைக் கடித்ததால் எடின்பரோவின் பழைய துணிக்கடைகளில் ஏறி இறங்க ஆரம்பித்தேன். இரண்டு கோட்டுகளை என் கையாலேயே வெட்டினேன். ஒன்று உருப்பட்டது.

முதலில் பகல் கோட்டு. இதற்கு ட்வீட் என்ற முரட்டுக் கம்பளித் துணிதான். பழைய ஹாரிஸ் ட்வீட் கோட்டுகள் ஸ்காட்லாந்துக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். உள்ளே உருண்டையும் சிலுவையுமாக முத்திரைத் துணி தைத்திருக்கும். ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள வெளி ஹெப்ரிடீஸ் தீவுக்காரர்கள் தங்கள் வீட்டுத் தறியில் நெய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் என்று 1993இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். துணி சொரசொரவென்று இருப்பதால் பிரித்த தையலின் தடம் தெரியாது. கை பழகாதவர்களுக்கு இது பெரிய புண்ணியம்.

ஆனால் துணியைப் பார்த்து மயங்கித்தான் என் முதல் கோட்டு வீணாயிற்று. பச்சையும் பழுப்புமாகக் கண்ணைப் பறித்தது. பாக்கெட்டை நான் கவனிக்கவே இல்லை. அது துணியைக் கீறி உள்ளே பை வைத்து மேலே மூடி போட்ட பாக்கெட். கோட்டைக் கீழே நான்கு அங்குலம் வெட்டியதும் அந்த மூடி ஓரத்துக்கு மூன்று விரல் மேலே வந்து நின்றது. உள்பை ஓரத்தையும் தாண்டித் தொங்கியது. அதை வெட்டிச் சுருக்கினால் பேருந்துச் சீட்டு வைக்கத்தான் இடம் மிச்சம். கீறிய பாக்கெட்டை மேலே தூக்க வழியே கிடையாது. துணியில் ஓட்டை விழுந்தது விழுந்ததுதான்.

இரண்டாவது கோட்டில் மேலே ஒட்டித் தைத்த பேட்ச் பாக்கெட். தையலைப் பிரித்தால் கையோடு வந்துவிடும், மூன்று அங்குலம் மேலே வைத்துத் தைத்துக்கொள்ளலாம். பாக்கெட் இருந்த இடம் வெளுக்காமல் கொஞ்சம் கருப்பாகத் தெரியும்தான். அந்தக் கருப்பில் பெரும்பகுதி, வெட்டி எறியும் கீழ்ப்பட்டையோடு போய்விடுகிறது.

அடுத்து பட்டன். இரண்டு பட்டன் கோட்டில் மூடுகிற பட்டன் தொப்புளுக்கு நேராக, அதாவது கில்ட்டின் இடுப்புக்கும் கீழே வரும். அதற்குக் கீழே வளைத்து வெட்ட இடமே இருக்காது, முன்பக்கம் மொட்டையாக நிற்கும். காஜாவையும் நகர்த்த முடியாது. மூன்று பட்டன் கோட்டில் நடுப்பட்டனோ மேல்பட்டனோ சரியான உயரத்தில் வரும். கடைசிக் காஜா வளைவோடு வெட்டுப்பட்டுப் போகும். பின்பக்கம் வென்ட், அதாவது பிளவு, இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாத கோட்டு மடிப்புகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் மாலை விருந்துக்குப் பேன்ட்டோடு போடும் டின்னர் ஜாக்கெட்டை வெட்டலாமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். ஒரே பட்டன், அதுவும் தாழ்வாக. கீறிய பாக்கெட். பின்பிளவு பெரும்பாலும் கிடையாது. துணி வழவழப்பு, பழைய ஊசித்துளை ஒவ்வொன்றும் விளக்கு வெளிச்சத்தில் பல் இளிக்கும். வேண்டவே வேண்டாம்.

அதைவிட நீளவாலுள்ள டெயில்கோட்டு எவ்வளவோ மேல். அதன் முன்பக்கம் ஏற்கெனவே இடுப்போடு முடிந்துவிடுகிறது. இடுப்பில் சுற்றுத் தையலும் பின்னால் இரண்டு பட்டனும் இருக்கின்றன. மாலை விருந்துக்குக் கில்ட்டோடு போடும் ‘பிரின்ஸ் சார்லி’ குட்டைக் கோட்டுக்கும் இதே அமைப்புதான், வால் மட்டும் குட்டை. ஆகவே வாலை ஒரு சாணாகக் குறைத்து, துணி போர்த்திய பட்டன்களுக்குப் பதில் வெள்ளிநிறப் பட்டன் வைத்தால் முக்கால் தூரம் வந்துவிட்டோம். சிக்கல் அளவில்தான். பழைய டெயில்கோட்டுகள் ஒல்லியான ஆட்களுக்குத் தைத்தவை. அக்குளில் இறுக்கினால் பிரித்து விடுவதற்கு உள்ளே துணி இருக்காது. தவிர, எழுபது எண்பது வருஷம் பிழைத்துவந்த கைத்தையல் வாலில் கத்திரி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

வாடகைக் கடைகள் கழித்துவிடும் பிரின்ஸ் சார்லி இன்னொரு வழி. இதில் அழகுணர்ச்சிக்கு வேலையில்லை, ஆனால் வேலை முடிந்துவிடும். கோட்டுக்குள் போடும் கையில்லாத மூன்று பட்டன் வெயிஸ்ட்கோட்டும் கூடவே வரும். முழங்கைப் பளபளப்பையும் அக்குள் லைனிங்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கை நீளம் பொருந்தியே ஆக வேண்டும். மணிக்கட்டில் பட்டனும் அலங்காரமும் தைத்திருப்பதால் கீழிருந்து குறைக்க முடியாது, தோளில் பிரித்துத்தான் ஏற்ற வேண்டும். அந்தக் கூலி கோட்டு விலையைத் தாண்டிவிடும். மாலைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

இனி வெயிஸ்ட்கோட்டு. எல்லோரும் கோட்டில் மண்டையை உடைத்துக்கொண்டு இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். உண்மையில் இதுதான் முரண்டு பிடிக்கும். இன்றைய த்ரீ பீஸ் சூட்டின் வெயிஸ்ட்கோட்டு, தாழ்ந்த பேன்ட்டை மூடுவதற்காக நீளமாக இருக்கும். முன்னால் இரண்டு கூர்முனைகள் இறங்கி ஸ்போரன் மேல் குத்தும். முனைகளை வெட்டலாம். அப்போது கீழ்ப்பட்டன் போகும், கீழ்ப் பாக்கெட் ஓரத்தை ஒட்டி நிற்கும். கில்ட்டின் மேல்விளிம்பு மட்டும் மறைந்தால் போதும், அதற்கு மேல் இறங்கக் கூடாது.

நான் இதை இரண்டு ராத்திரி பிரித்துப் பிரித்துத் தைத்தேன். அப்புறம்தான் கடையின் மூலையில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 1930, 40களின் வெயிஸ்ட்கோட்டுகள் தாமாகவே குட்டை! அந்தக் காலத்துப் பேன்ட்டும் தொப்புளுக்கு மேல்தான் நின்றது, கில்ட்டைப் போலவே. ஊசியே எடுக்காமல் பொருந்துகிறது. நிறம் கோட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. பகல் உடுப்பில் வேறு ட்வீட் அழகாகவே இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் வெயிஸ்ட்கோட்டை விட்டுவிட்டு அகலத் தோல்பெல்ட் கட்டிக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பக்கிள் துணியைத் தூக்கிக் கர்ப்பிணி வயிறு போலக் காட்டும்.

வெட்டுவதற்கு முன் கில்ட், சட்டை, ஸ்போரன் எல்லாம் மாட்டிக்கொண்டுதான் சாக்பீஸ் கோடு போட வேண்டும். பேன்ட்டோடு நின்று போட்ட கோடு பொய் சொல்லும். சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே ஒன்றரை அங்குலம் மடிப்புக்கு விட்டு வெட்டுங்கள். வளைவுக்கு முதலில் காகிதத்தில் அச்சு வெட்டி, அதையே இரண்டு பக்கமும் திருப்பி வைத்தேன். கண் அளவில் வெட்டினால் இடதும் வலதும் ஒத்துப்போகாது. விறைப்புக்காக உள்ளே வைத்திருக்கும் கேன்வாஸைத் தையலுக்குள் வராமல் ஒட்ட நறுக்கிவிட்டு, ஈரத்துணி போட்டு இஸ்திரி அழுத்தினால் ஓரம் கத்தி மாதிரி படியும்.

வெட்டிய பட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதிலிருந்துதான் என் கோட்டின் மணிக்கட்டுக்கு ஆர்கைல் என்ற கில்ட் கோட்டு வகையின் பாணியில் கூர்மடிப்பு தைத்தேன். வலது கையில் உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால், முன்னொரு காலத்தில் கடைசிப் பட்டனுக்கு இருந்த காஜாவில் பாதி இன்னும் தெரியும்.