கூரை பிஐஆர் சென்சார்: எந்த அறைக்கு வாங்கலாம், எதற்கு யோசிக்கணும்

ஃபால்ஸ் சீலிங்கில் பதிக்கிற 360 டிகிரி பிஐஆர் சென்சார் (உடல் வெப்பத்தின் அசைவை உணர்வது), ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைக்கும் வேலையை நன்றாகவே செய்கிறது. ஸ்டோர் ரூம், மீட்டிங் ரூம், பேன்ட்ரி, காரிடார் இவற்றுக்குத் தயங்காமல் வாங்கலாம். 40 வாட் பேனல் ஆறு உள்ள மீட்டிங் ரூம் தினமும் 3 மணி நேரம் வெறுமனே எரிந்தால் 0.72 யூனிட் வீண். சென்சார் தனக்கென எடுப்பது பெரும்பாலும் 1 வாட்டுக்குள்தான்.

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் ஹால் என்றால் கணக்கு வேறு. உடல் வெப்பம் இடம் மாறினால்தான் பிஐஆருக்குத் தெரியும். பெட்டியில் போட்டிருக்கும் 6, 8 மீட்டர் விட்டமெல்லாம் நடந்துபோகிற ஆளுக்கானது. கீபோர்டில் விரலை மட்டும் அசைக்கிறவரைப் பிடிக்கும் தூரம் வெகுவாகக் குறையும். பாதி என்று வைத்துக்கொண்டு சென்சார் எண்ணிக்கையைப் போடுங்கள். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் வேலைக்கு நடுவே விளக்கு அணையும், ஊழியர்கள் கையை ஆட்டி ஆட்டிச் சலித்துப்போவார்கள், கடைசியில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சென்சாரை பைபாஸ் செய்துவிடுவார்கள். பிறகு மிச்சமாவது ஒன்றுமில்லை.

பொருத்தும் உயரம் 2.5 முதல் 3 மீட்டர் வரை சரி. ஏசி காற்று வெளிவரும் இடத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள். வெப்பம் சட்டென மாறினால் ஆள் வந்ததாக எடுத்துக்கொள்ளும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருப்பவர் இதற்குத் தெரியமாட்டார். கதவு போட்ட கழிப்பறைகளிலும் இதே சிக்கல்தான். அங்கே, ரேடியோ அலையை அனுப்பி அசைவை உணரும் மைக்ரோவேவ் சென்சார் எடுபடும். ஆனால் அது ஜிப்சம் சுவரையும் ஊடுருவிப் பார்ப்பதால், வெளியே காரிடாரில் யார் நடந்தாலும் உள்ளே விளக்கு எரியும். சென்சிடிவிட்டியைக் குறைத்தே வைக்க வேண்டும்.

சோதிக்கும்போது டைம் திருகை (அசைவு நின்றபின் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பது) குறைந்தபட்சத்திலும், லக்ஸ் திருகை (எவ்வளவு வெளிச்சத்துக்குக் கீழே எரிய வேண்டும் என்பது) பகலிலும் எரியவிடும் சூரியப் படத்திலும் வையுங்கள். மின்சாரம் கொடுத்ததும் அரை நிமிடம், ஒரு நிமிடம் அது தானாக எரிந்து நிதானத்துக்கு வரும். அதைப் பார்த்து பழுது என்று கழற்ற வேண்டாம். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருவரை உட்காரவைத்துப் பார்த்த பிறகு, ஹாலுக்கு 15 அல்லது 20 நிமிடம், ஸ்டோர் ரூமுக்கு 5 நிமிடம் என்று மாற்றிவிடுங்கள்.

லக்ஸ் திருகை நம்பி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். சாதாரண மாடல்கள் விளக்கைப் போடும் முன் மட்டுமே வெளிச்சத்தைப் பார்க்கின்றன. காலை மங்கலில் எரிந்த விளக்கு, ஆள் நடமாட்டம் இருக்கும்வரை உச்சிவெயிலிலும் எரிந்துகொண்டே இருக்கும். ஜன்னலோர வரிசைக்கு, பகல் வெளிச்சம் கூடக் கூட விளக்கை மங்கவைக்கும் 0-10 வோல்ட் அல்லது டாலி (இரண்டும் டிம்மிங் கட்டுப்பாட்டு முறைகள்) மாடல்தான் சரி. அதற்கேற்ற டிம்மிங் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி) பேனலிலும் இருக்க வேண்டும். மேசைமேல் லக்ஸ் மீட்டர் வைத்து 500 லக்ஸ் வருகிறதா என்று பார்த்து செட் செய்யுங்கள்.

வயரிங் எளிது: ஃபேஸ், நியூட்ரல், லோடு என மூன்று வயர். நியூட்ரல் வேண்டாத இரண்டு வயர் மாடலைத் தவிர்த்துவிடுங்கள். அதில் கசியும் மின்னோட்டத்தால் அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரியும், சில சமயம் மினுக்கும்.

சென்சார் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் அளவு பெரும்பாலும் பழைய குண்டு பல்புக்கானது. எல்இடிக்கான அளவு அதைவிட மிகக் குறைவாக, தனியே சின்ன எழுத்தில் இருக்கும். எல்இடி டிரைவர்கள் ஆன் ஆகும் நொடியில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்; அதில் சென்சாருக்குள் ஸ்விட்சாக இருக்கும் ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் விளக்கு அணையவே அணையாது. ஒரே சென்சாரில் நிறைய பேனல் சேர்க்க வேண்டியிருந்தால், சென்சார் கான்டாக்டரை (அதிக மின்னோட்டம் தாங்கும் ஸ்விட்ச்) இயக்கட்டும், கான்டாக்டர் விளக்குகளை இயக்கட்டும்.