பெஞ்சமினாவா, ரப்பர் செடியா?

வீட்டுக்குள் வைக்கச் செடி தேடி மலேசியாவின் சுங்கை பூலோ நர்சரிகளுக்குப் போனவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திணறுகிறார்கள். இரண்டும் ஆலமரத்தின் உறவு. நம் தாத்தாக்கள் பால் வெட்டிய ரப்பர் வேறு மரம்.

வெளிச்சம்: பெஞ்சமினாவுக்கு ஜன்னலோரம் வேண்டும். ரப்பர் சற்று மங்கலான மூலையிலும் தாங்கும்.

இடமாற்றம்: பெஞ்சமினா ரோஷக்காரி. குளிர்சாதனக் காற்றுக்கு நேராக நகர்த்தினேன். ஒரே வாரத்தில் தரையெல்லாம் இலை. உடனே தூக்கி எறியாதீர்கள். கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் துளிர்க்கும். ரப்பர் இவ்வளவு கோபிப்பதில்லை.

தண்ணீர்: இரண்டுக்கும் மேல்மண் காய்ந்த பிறகே.

தூசி: ரப்பர் இலைக்கு ஈரத்துணி போதும். பெஞ்சமினாவைக் குளியலறைக்குத் தூக்க வேண்டும்.

வெளிச்சம் குறைந்த கொண்டோவுக்கு (அடுக்குமாடி வீட்டுக்கு) ரப்பர். வெளிச்சமும் பொறுமையும் இருந்தால் பெஞ்சமினா. பூனை இருக்கும் வீட்டில் இரண்டையுமே எட்டாத இடத்தில் வையுங்கள். இந்தச் செடிகளில் கசியும் பால் பூனைக்கு ஆகாது.