முதல் எல்க் வேட்டைக்கு எந்த அம்பு முனை?

எல்க் என்ற வட அமெரிக்கப் பெரிய மானை வேட்டையாட முதன்முறை வில்லோடு கிளம்புகிற நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: பட்டதும் பிளேடு விரியும் முனையா, பிளேடு நிலையாக நிற்கும் விரியாத முனையா? நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். வில்லை முழுக்க இழுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும்? நாணை எத்தனை அங்குலம் இழுக்கிறீர்கள்? முனையோடு சேர்த்து அம்பின் எடை, அம்புக்கு வழங்கும் சிறு எடை அலகில், எத்தனை கிரெயின்? இந்த மூன்றும் தெரியாமல் கடைக்குப் போனால், அட்டைப்பெட்டியில் எது பயங்கரமாகத் தெரிகிறதோ அதைத்தான் வாங்கிக்கொண்டு வருவோம். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எனக்கு அது முதல் வேட்டைச் செப்டம்பர். அம்பறாத்தூணியில் இருந்தவை 2 அங்குல அகலத்துக்கு விரியும் முனைகள். சாயங்காலம் ஒரு பெண் எல்க் ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே வந்து, 30 கெஜத்துக்குள் நின்றது. நேர் பக்கவாட்டில் நிற்கிறது என்று நினைத்து நாணை விட்டேன். உண்மையில் அது கொஞ்சம் என் பக்கம் திரும்பி நின்றிருக்கிறது. அம்பு தோள் எலும்பை ஒட்டிப் பட்டது. தண்டில் பாதிகூட உள்ளே போகவில்லை. இரண்டு நாள் தேடினோம். ரத்தத் தடம் ஓர் ஓடைக்கரையில் நின்றுபோயிற்று. அந்த விலங்கு எனக்குக் கிடைக்கவே இல்லை. தப்பு என் கண்ணில்தான். ஆனால் அந்தத் தப்பைக் கொஞ்சமாவது தாங்கக்கூடிய முனை என் அம்பில் இல்லை. இந்த அலசலை அந்தச் சாயங்காலத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்: எல்லாம் சரியாக அமைந்தால் எந்த முனையும் வேலை செய்யும். சரியாக அமையாத நாளுக்குத்தான் தேர்வு.

முதலில் விலங்கைப் பார்ப்போம். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். பெண் 200 கிலோவுக்கு மேல். அமெரிக்காவில் வில் பழகும் பெரும்பாலோர் முதலில் வேட்டையாடும் வெள்ளைவால் மானைவிட இது மூன்று நான்கு மடங்கு பெரியது. தோல் தடிப்பு, விலா எலும்பு அகலம், தோள் எலும்பு கனம். செப்டம்பரில் இணைசேரும் பருவம் என்பதால் ஆண் எல்க்குகள் சேற்றில் புரண்டு எழுந்து வரும். காய்ந்த சேறும் மணலும் ஒட்டிய முடியைக் கடந்துதான் உங்கள் பிளேடு தோலையே தொட வேண்டும். ஒரே ஒரு ஆறுதல், நுரையீரல் இருக்கும் பகுதியும் அதற்கேற்பப் பெரியது.

துப்பாக்கிக் குண்டு போல அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. வெட்டி, ரத்தம் வடியவைத்துக் கொல்கிறது. இரண்டு நுரையீரலையும் அறுத்துக்கொண்டு அடுத்த பக்கம் வெளியேறினால் எல்க் பெரும்பாலும் நூறு கெஜம் இருநூறு கெஜத்துக்குள் விழுந்துவிடும். மேடான இடத்தில் நின்று எய்யும்போது வெளியேறும் ஓட்டை கீழே அமையும். அதிலிருந்து விழும் ரத்தம்தான் தடம். ஆக, முனையிடம் நாம் கேட்பது இரண்டு: ஆழமாகப் போக வேண்டும், போகிற வழியில் நிறைய வெட்ட வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். சந்தையில் இருக்கும் முனைகளுக்குள் நடக்கும் போட்டி எல்லாம் இந்த இழுபறிதான்.

விரியும் முனைகளில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் ரேஜ் ஹைப்போடெர்மிக். பறக்கும்போது இரண்டு பிளேடுகளும் மடங்கியிருக்கும். தோலில் பட்டதும் பின்னுக்குச் சறுக்கி 2 அங்குலத்துக்கு விரியும். செவர் 1.5 அதைவிட அடக்கமானது, ஒன்றரை அங்குலம். எலும்பில் ஒரு பக்கம் இடித்தால் பிளேடுகள் அச்சில் அசைந்து வழிவிடும்படி செய்திருக்கிறார்கள். விரியாதவற்றில் மூன்று குடும்பம் உண்டு. முதலாவது, பிளேடு மாற்றக்கூடியவை: மூன்று பிளேடு மஸ்ஸி ட்ரோக்கார், நான்கு பிளேடு ஸ்லிக் ட்ரிக் மேக்னம். அடுத்தது, ஒரே எஃகுத் துண்டில் செய்த ஜி5 மான்டெக் போன்றவை. மூன்றாவது, நுனியிலிருந்தே கத்தி போல வெட்டிக்கொண்டு போகும் இரண்டு பிளேடு முனைகள்: குறுக்காகச் சிறிய துணைப் பிளேடு சேர்த்த மேக்னஸ் ஸ்டிங்கர், அயர்ன் வில், ஒருபக்கம் மட்டும் சாணை பிடித்த கட்த்ரோட்.

இப்போது ஒரு கணக்கு. நான் வாங்கும் முன் போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு இது. 2 அங்குலம் விரியும் இரண்டு பிளேடு முனை போடும் வெட்டின் மொத்த நீளம் 51 மி.மீ. ஸ்லிக் ட்ரிக் மேக்னத்தின் அகலம் ஒன்றேகால் அங்குலம்கூட இல்லை, 1 1/8 அங்குலம்தான். ஆனால் நான்கு பிளேடு என்பதால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வெட்டு, மொத்தம் 57 மி.மீ. ட்ரோக்கார் 1 3/16 அங்குலம். மூன்று பிளேடும் சேர்ந்து 45 மி.மீ. அயர்ன் வில்லின் வழக்கமான முனையில் முதன்மை பிளேடு 27, துணைப் பிளேடு 19, ஆக 46 மி.மீ. அதாவது, பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் அகலத்தை மட்டும் பார்த்து, விரியும் முனை இரண்டு மடங்கு வெட்டுகிறது என்று நினைப்பது தவறு. அதன் உண்மையான பலம் வீச்சு. அம்பு இரண்டு விரல் தள்ளிப் பட்டாலும் அந்த அகலமான பிளேடு ஒரு பெரிய ரத்தக்குழாயை எட்டிவிடக்கூடும். வயிற்றுப் பக்கம் சற்றுப் பின்தள்ளிப் பட்ட அம்புகளில் இதனால் விலங்கு கிடைத்ததாகச் சொல்பவர்கள் நிறைய. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்பு முன்தள்ளிப் பட்டு எலும்பைத் தொட்டால் அதே அகலம் முட்டுக்கட்டை ஆகிறது.

அந்த முட்டுக்கட்டையைத் தள்ளிக்கொண்டு போகும் தெம்பு உங்கள் வில்லுக்கு உண்டா? அம்பின் எடையைக் கிரெயினில் எடுத்து, வினாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 4,50,240-ஆல் வகுத்தால் ஆற்றல் அடி-பவுண்டில் கிடைக்கும். 70 பவுண்டு வில்லில் 450 கிரெயின் அம்பு 270 அடி வேகத்தில் போனால் 73 அடி-பவுண்டு. 50 பவுண்டு வில்லும் குறைந்த இழுப்பு நீளமும் உள்ளவர் 400 கிரெயின் அம்பை 220 அடி வேகத்தில் விட்டால் 43. ஈஸ்டன் நிறுவனத்தின் பெயரால் பரவலாகப் புழங்கும் அட்டவணை எல்க் அளவு விலங்குக்கு 42 முதல் 65 வரை சொல்கிறது. முதலாமவருக்குக் கையில் மிச்சம் இருக்கிறது. விரிவதற்கும் அகல வெட்டுக்கும் கொஞ்சம் செலவழிக்கலாம். இரண்டாமவர் வரம்பின் ஓரத்தில் நிற்கிறார். அவர் விரியும் முனையைத் தொடவே கூடாது. நுனியிலிருந்தே வெட்டும் ஒடுங்கிய முனைதான் அவருக்கு. கப்பி வைத்த கூட்டுவில் இல்லாமல், கப்பியில்லாத பழைய பாணி ரிகர்வ், லாங்போ வில் எடுத்துப் போகிறவர்களுக்கும் இதே பேச்சுதான்.

விரியும் முனைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய காரணம் பறப்பு. அது நியாயமான காரணமும்கூட. விரியாத பிளேடுகள் அம்பின் முன்பக்கம் சிறகு கட்டியது போல. வில்லில் சிறு கோணல் இருந்தாலும் காற்றைப் பிடித்து அம்பை இழுக்கும். பிளேடு இல்லாத பயிற்சி முனை நடுவில் பட, வேட்டை முனை 40 கெஜத்தில் ஒரு சாண் தள்ளிப் படுவதைப் பார்த்து எத்தனையோ பேர் வெறுத்துப்போய் விரியும் முனைக்கு மாறியிருக்கிறார்கள். மடங்கிய நிலையில் அது பயிற்சி முனை போலவே பறக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அம்பு வாலை ஆட்டிக்கொண்டு கோணலாகப் போகிறது என்பதுதான் கோளாறு. விரியும் முனை அந்தக் கோளாறை மறைக்கும், தீர்க்காது. கோணலாகப் போய்ப் பட்ட அம்பு தன் விசையைப் பக்கவாட்டில் சிதறவிட்டு ஆழம் போகாமல் நிற்கும். குறி தப்பாமல் பட்டும் ஏன் உள்ளே போகவில்லை என்பதற்குப் பல நேரம் விடை இங்கேதான் இருக்கிறது.

கோளாறைத் தீர்ப்பது அப்படியொன்றும் கடினமில்லை. ஒரே எடையுள்ள பயிற்சி முனை மூன்று, வேட்டை முனை மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். 20 கெஜத்தில் தொடங்கி 30, 40 எனப் போங்கள். வேட்டை முனைகள் இடப்பக்கம் கூடினால் வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டை வலப்பக்கம் மயிரிழை நகர்த்துங்கள். வலப்பக்கம் கூடினால் இடப்பக்கம். ஒரு மி.மீ. கூட அதிகம். இரண்டு கூட்டமும் ஒன்றாகும்வரை பொறுமையாகச் செய்யுங்கள். அதற்கு முன், ஒவ்வொரு அம்பையும் நுனி மேசையில் படும்படி நிறுத்திச் சுழற்றிப் பாருங்கள். தள்ளாடும் அம்பு எந்த ரெஸ்ட்டாலும் நேராகாது. ஜூலையில் ஆரம்பித்தால் ஆகஸ்ட் முடிவதற்குள் கை, வில், அம்பு மூன்றும் ஒத்துப்போகும். இலக்குப் பை வேட்டை முனையில் கிழிந்துவிடும்; அடுக்கு நுரை இலக்கு வேண்டும்.

ஒருபக்கச் சாணை முனைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது அதற்குப் பக்தர்கள் அதிகம். இந்தச் சிந்தனைக்குப் பின்னால் இருப்பவர் எட் ஆஷ்பி. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதியில் தொடங்கி, உண்மையான விலங்குகளின் எலும்பிலும் சதையிலும் அம்பு எவ்வளவு போகிறது என்று வருடக்கணக்கில் சோதித்துப் பதிவு செய்தவர். நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும் கனத்த இரண்டு பிளேடு முனை, முன்பக்கம் கூடுதல் எடை, கனமான எலும்பை உடைக்க மொத்தம் 650 கிரெயின் அளவில் அம்பு என்பவை அவர் முடிவுகளில் சில. ஒருபக்கம் மட்டும் சீவிய பிளேடு உள்ளே போகும்போது சுழலும். அந்தத் திருகல் எலும்பைப் பிளக்கும். அம்பின் வால்சிறகின் திருகும் பிளேடின் சீவலும் ஒரே திசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று எதிர்க்கும்.

அவர் கண்டதை நான் மதிக்கிறேன். ஆனாலும் முதல் எல்க் வேட்டைக்கு 650 கிரெயின் அம்பை யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்த எடையில் அம்பு சட்டென்று தாழும். மலைச்சரிவில் தூரம் கணிப்பதில் ஐந்து கெஜம் பிசகினால் விலங்கின் வயிற்றுக்குக் கீழே போகும், அல்லது அதைவிட மோசமாகக் காலில் படும். ஆப்பிரிக்க எருமைக்குத் தேவையான கனம் எல்க்குக்குத் தேவையில்லை. 450 முதல் 500 கிரெயின், அதில் 125 கிரெயின் முனை என்பது நடுவழி. ஒருபக்கச் சாணை முனையையே 125-ல் வாங்கி இந்த அம்பில் பொருத்தினாலும் நன்றாகவே வேலை செய்யும். துணைப் பிளேடு இல்லாவிட்டால் மட்டும், வெட்டு ஒற்றைக் கோடாக மூடிக்கொண்டு ரத்தத் தடம் மெலிவதுண்டு.

கூர்மையை யாரும் விலைப்பட்டியலில் பார்ப்பதில்லை. மழுங்கல் பிளேடு ரத்தக்குழாயைத் தள்ளிவிட்டுப் போகும், அல்லது கிழிக்கும். கிழிந்த இடத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும். சுத்தமாக அறுபட்ட குழாய் வடிந்துகொண்டே இருக்கும். ஒரு ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து அதன்மேல் பிளேடை லேசாக வையுங்கள். அழுத்தாமலே அறுந்தால் சரி. மான்டெக்கின் வசதி இங்கே தெரியும்: தட்டையான சாணைக்கல்லில் இரண்டிரண்டு பிளேடாகப் படுக்கவைத்துத் தேய்க்கலாம், கோணம் பிடிக்கத் தெரியாதவருக்கும் கை கூடும். ட்ரோக்காரில் அந்த வேலையே இல்லை, புதுப் பிளேடு மாட்டிக்கொள்ளலாம். அயர்ன் வில் கருவி எஃகு. கூர் நிற்கும், வளையாது, மூன்று முனை 100 டாலரை ஒட்டி வரும். பணம் இருந்தால் நல்ல முனைதான். ஆனால் அந்தக் காசில் இரண்டு பெட்டி சாதா முனை வாங்கி, ஒரு பெட்டியை முழுக்கப் பயிற்சியில் தேய்ப்பவரைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொலராடோவில் முனை குறைந்தது 7/8 அங்குல அகலமும் இரண்டு எஃகு வெட்டு விளிம்பும் கொண்டிருக்க வேண்டும். வில் குறைந்தது 35 பவுண்டு. விரியும் முனைக்கு அங்கே தடையில்லை. ஐடஹோவும் ஓரிகனும் நெடுங்காலம் அதைத் தடுத்து வைத்திருந்த மாநிலங்கள். டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) எடுத்த மாநிலத்தின் அந்த வருட விதிப்புத்தகத்தைப் படித்த பிறகே முனைக்குக் காசு கொடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு என் தீர்ப்பு. 60 பவுண்டுக்குக் கீழே, அல்லது இழுப்பு 27 அங்குலத்துக்குக் கீழே என்றால், துணைப் பிளேடு உள்ள இரண்டு பிளேடு முனை. வேறு யோசனை வேண்டாம். 60 முதல் 70 பவுண்டு, சாதாரண இழுப்பு, முதல் வேட்டை என்றால், மூன்று பிளேடு விரியாத முனை, 100 அல்லது 125 கிரெயின். 70 பவுண்டும் நீண்ட இழுப்பும் இருந்து, வில்லை முழுக்கச் சரிபார்த்த பிறகும் விரியும் முனைதான் வேண்டும் என்றால், ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்துங்கள். எந்த முனையானாலும் விலங்கு உங்கள் பக்கம் திரும்பி நிற்கும்போது நாணை விடாதீர்கள். நேர் பக்கவாட்டிலோ, சற்று அப்பால் திரும்பியோ, முன்னங்கால் முன்னே நீண்டிருக்கும்போது எய்யுங்கள். அப்போதுதான் தோள் எலும்பு விலகி விலாப்பகுதி திறக்கும்.

அந்த ஓடைக்கரைக்கு அடுத்த செப்டம்பரில் நான் மூன்று பிளேடு முனையோடு போனேன். ஓர் இளம் ஆண் எல்க் 24 கெஜத்தில் வந்து நின்றது. முதலில் என் பக்கம் பார்த்தபடி நின்றதால் முழு இழுப்பிலிருந்து நாணைத் தளர்த்தி இறக்கிவிட்டுக் காத்திருந்தேன். திரும்பி ஓர் அடி வைத்தது, முன்னங்கால் நீண்டது. அம்பு ஒரு விலாவை வெட்டி, இரண்டு நுரையீரலையும் கடந்து, அந்தப் பக்கம் மண்ணில் குத்தி நின்றது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுபது தப்படி நடந்தேன், தடத்தைக் குனிந்து தேட வேண்டியிருக்கவில்லை. அந்த முனையில் ஒரு பிளேடின் ஓரம் மட்டும் மடங்கியிருந்தது. கல்லில் தேய்த்து நேராக்கினேன். இப்போதும் தூணியில் முதல் அம்பு அதுதான்.